குப்பைக்கூடையில் கிடந்த விண்மீன்

என் ஓரகத்திக்கு ஆபீசில் ‘துடைப்பம்’ என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவள் வீட்டில் ஒரு பொருள் பத்து நிமிஷம் சும்மா இருந்தால் குப்பைக்குப் போய்விடும். பல்செட்டைக் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணயர எங்கள் தொண்ணூறு வயசு மாமனார் பயப்படுவார். நானே அங்கே சோபாவில் உட்கார்ந்தால் அவ்வப்போது காலை ஆட்டிக்கொள்வேன், எதற்கு வம்பு என்று.

அவள் பார்க்கும் உத்தியோகமும் அப்படித்தான். பூமிக்கு மேலே சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி ஒன்று அனுப்பும் படங்களில் பொய்ப் புள்ளிகளைப் பொறுக்கி நீக்குவது. விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ்ரேயைக் காற்று தடுத்துவிடும், அதனால்தான் தொலைநோக்கி அத்தனை உயரத்தில். நமக்கு வெறும் இருட்டாகத் தெரிகிற இடத்தில் பல லட்சம் டிகிரியில் கொதிக்கும் வாயு அதன் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் எக்ஸ்ரே கொட்டோ கொட்டென்று கொட்டாது. சில இடங்களிலிருந்து மணிக்கு நாலைந்து துளி வந்தாலே பெரிது. படம் பிடிக்கும் கருவியின் குட்டிக் குட்டிக் கட்டங்களில் பழுதான ஒன்று மினுக்கினால் அதுவும் விண்மீன் மாதிரியே இருந்து தொலைக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தொலைநோக்கியை வேண்டுமென்றே மெல்லத் தலையாட்ட விட்டிருந்தார்கள். அது ஆட ஆட, நிஜ விண்மீனின் புள்ளி கருவியின் கட்டங்கள்மேல் நகர்ந்து வளையம் போடும். பழுதுப் புள்ளி நட்டுவைத்த கல்லாக அங்கேயே இருக்கும். பதினோரு வருஷத்தில் துடைப்பம் ஒரு தப்பும் விட்டதில்லை. அந்தத் தலைக்கனத்தில் அவள் என் பாத்திரம் கழுவும் அழகைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியின் கடுகளவு ஸ்க்ரூவைத் தேடி மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

“இங்கதான் வெச்சேன்.”

“துடைச்சிட்டேன்.”

“பாத்துட்டுத் துடைச்சியா, பழக்கத்துல துடைச்சியா?”

“எல்லாம் பாத்துட்டுத்தான்! வழிய விடுங்க, பஸ் போயிடும்.”

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. தொலைநோக்கி அந்த வாரம் முழுக்க ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில், பழைய பழுதுக் கட்டத்துக்குப் பக்கத்தில், மூன்று நாளாக ஒரு புதுப் புள்ளி. மூன்று நாளும் நீக்கியிருந்தாள். வளையம் போடுகிறதா என்று பார்த்தாளா? நினைவில்லை.

நீக்கிய புள்ளிகள் ‘கூடை’ என்ற கோப்பில் பத்து நாள் கிடக்கும். யாரும் திறப்பதில்லை. திறந்தால், என்ன தப்பு செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் திறந்தாள். தேடி எடுக்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. புள்ளி வெகு லட்சணமாக வளையம் போட்டிருந்தது! முதல் நாள் ஒன்பது துளி, மறுநாள் நாற்பது, மூன்றாம் நாள் இருநூறு.

பன்னிரண்டு மணிக்கு அடுத்த வாரத் திட்டம் முடிவாகும், தொலைநோக்கி வேறு பக்கம் திரும்பிவிடும். திரும்பி வருவதற்குள் அந்தப் பொருள் அணைந்தே போகலாம். வாயை மூடிக்கொண்டால் பதினோரு வருஷப் பெயர் பத்திரம். பத்து நாளுக்குள் கூடையிலிருந்தும் அது தானாக அழிந்துவிடும்.

பிரிவுத் தலைவியின் மேசைமுன் போய் நின்றாள். அந்த அம்மாள் காலை வணக்கத்தையே திட்டுவதுபோல் சொல்பவர்.

“மேடம், நிஜமான ஒண்ண மூணு நாளா குப்பையில போட்டுட்டிருக்கேன்.”

“யாரு, நீயா?”

“நானேதான். திட்டுறத பன்னெண்டு மணிக்கு மேல வெச்சுக்குங்க. இப்ப தொலைநோக்கி திரும்பாம பாத்துக்குங்க, மேடம்.”

மேடம் படத்தைப் பார்த்தார். போனை எடுத்தார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் திட்டம் மாறியது. பன்னிரண்டு ஐந்துக்குத் திட்டு தொடங்கியது.

வாரக்கணக்கில் பார்த்த பிறகு விஷயம் வெளிப்பட்டது. வெகு தொலைவில் உள்ள விண்மீன் திரள் ஒன்றின் நடுவே ஒரு கருந்துளை சாதுவாகப் படுத்திருந்திருக்கிறது. பக்கமாகப் போன விண்மீனை அது நூல் நூலாகக் கிழித்துவிட்டது. கிழிந்த வாயு சுழன்று உள்ளே விழும்போது கொதித்து எக்ஸ்ரேயைக் கக்கியிருக்கிறது. கருந்துளை தானாக வெளிச்சம் காட்டாது, சாப்பிடும்போதுதான் மாட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட விருந்தைப் பெரும்பாலும் பாதியில்தான் பார்க்கக் கிடைக்கும். இதற்கு முதல் கவளத்திலிருந்தே சாட்சி இருந்தது, துடைப்பத்தின் கூடையில். அறிக்கையில் அவள் கண்டுபிடிப்பு ஒரு வரி, அவள் தப்பு மூன்று வரி.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு துரும்பைக்கூட எறிவதில்லை. போன வாரம் போனேன், சோபாவில் எனக்கு இடமில்லை. ஏழு உடைந்த குடைகள், மூன்று பல்செட்கள். அதில் இரண்டு யாருடையவை என்று மாமனாருக்கே தெரியவில்லை. ஸ்க்ரூ மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு அலைகிறார்.