கமிட்டி பாஸாக்கிய குரல்

என் வாழ்க்கையில் நான் இலவசமாகக் கொடுத்தவை இரண்டு. ஒன்று அறிவுரை, அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இன்னொன்று குரல், வாங்கிக்கொண்டவர்கள் திருப்பித் தர மறுக்கிறார்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கொடுத்த புதிதில் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கோயமுத்தூர் போகும் பஸ்ஸில், முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரரிடம் போனை நீட்டி, "இது யாரு குரல்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செத்தவங்க வீட்டு அறிவிப்புங்களா?" என்றார். அப்போதே விழித்திருக்க வேண்டும். இறங்கும்வரை அவரோடு பேசாமல் வந்தேன், அவ்வளவுதான்.

கேரளம் என்றதும் மழையை நினைப்பவர்கள் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்துக்கு ஒரு மாசி மாதம் வந்து பார்க்க வேண்டும். தென்னை மரங்கள் குடைக்கம்பி போல நிற்கும். போர்வெல்கள் காற்றை இறைக்கும். எங்கள் பஞ்சாயத்தில் பாதி வார்டுகள் தமிழ் பேசும், பாதி மலையாளம் பேசும். தண்ணீர் வராதபோது எல்லா வார்டுகளும் ஒரே மொழியில் பேசும். அதில் ஒரு வார்டுக்கு நான் மெம்பர். வேறு யாரும் நிற்க ஒப்புக்கொள்ளாததால் ஜெயித்தவன். பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுவேன், வீட்டில் இரண்டு பீரோ நிறையப் புத்தகம். காது குத்துக்குக் கூப்பிட்டாலும் மைக்கைப் பிடித்துக்கொள்வேன். ஊரில் இதற்குப் படிப்பாளி என்று பெயர்.

குடிநீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர் வயதாகி ஓய்வு பெற்றதும், பிரசிடன்ட் ஒரு யோசனை சொன்னார். இனி வால்வைக் கம்ப்யூட்டர் திறக்கட்டும். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று அதுவே முடிவு செய்து, வீட்டுக்கு வீடு போன் போட்டுச் சொல்லிவிடும். வடக்கே ஏதோ பெருநகரத்துக் கம்பெனியின் சாஃப்ட்வேர். மலையாளக் குரல் அவர்களிடமே இருந்தது. தமிழ்க் குரலை நாம் கொடுக்க வேண்டும் என்று பிரசிடன்ட் சொல்லி முடிக்கும்முன் கமிட்டி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன், எல்லோரும் பார்த்துவிட்டார்களா என்று உறுதிசெய்துகொண்டு.

எங்கள் கமிட்டிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அஜண்டா மலையாளத்தில் இருக்கும். கரார், அதாவது ஒப்பந்தம், இங்கிலீஷில் இருக்கும். பேச்சு பெரும்பாலும் தமிழில் நடக்கும். ஆகவே கராரைத் தமிழர்கள் படித்திருப்பார்கள் என்று மலையாளிகளும், மலையாளிகள் படித்திருப்பார்கள் என்று தமிழர்களும், செக்ரட்டறி படித்திருப்பார் என்று இருவரும் நம்பிக்கொள்வார்கள். டீயும் பரிப்புவடையும் உள்ளே வரும்போது எந்த விஷயம் மேஜையில் இருக்கிறதோ அது பாஸாகிவிடும்.

இந்த முறை செக்ரட்டறி நிஜமாகவே படித்திருந்தார். கோட்டயம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்; சிரிப்பதை ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டவர்.

"மெம்பர்மாரே, இது சர்க்கார் தந்த மாதிரிக் கரார் அல்ல. மூணு எடத்துல கம்பெனி மாற்றியிருக்கு. கமிட்டி அறிஞ்சுகொண்டு பாஸாக்கணும். பின்னே என்னைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார்.

"நம்ம மெம்பர்தான் இங்கிலீஷ் படிப்பாரே. படிச்சுச் சொல்லட்டும்" என்றார் பிரசிடன்ட்.

எழுந்து நின்றேன். படித்துச் சொல்வதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதல் மாற்றம்: தகராறு என்று வந்தால் கம்பெனி இருக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் வழக்குப் போடலாம். "சண்டை வந்தா நமக்கு வடக்கே ஒரு டூருங்க. ஸ்வெட்டர் எடுத்து வெச்சுக்குங்க" என்றேன். சிரித்தார்கள்.

இரண்டாவது: ஒரு வீட்டில் தண்ணீர் உபயோகம் அசாதாரணமாக இருந்தால் கம்பெனி தானே இணைப்பை மூடலாம். பஞ்சாயத்து கைவைத்துத் திறந்தால் அந்த வார்டு முழுவதற்கும் நின்றுவிடும். எனக்கு எதிரே நல்ல பருமனான ஒரு மெம்பர் உட்கார்ந்திருந்தார். "அப்ப அண்ணன் குளிக்கற அன்னைக்கு வார்டே மூடிரும்" என்றேன். "நான் வாரத்துக்கு ஒருக்காத்தான் குளிக்கறதுங்க, பயப்படாதீங்க" என்றார் அவர். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

மூன்றாவது: பதிவாகும் குரல் கம்பெனிக்கே சொந்தம். என்றென்றைக்கும், எல்லா நாடுகளிலும், கண்டுபிடித்த வழிகளிலும் இனி கண்டுபிடிக்கப்போகும் வழிகளிலும், எந்த வாக்கியத்துக்கும் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். "நான் செத்ததுக்கப்புறமும் பேசீட்டே இருப்பேனுங்க" என்றேன்.

"இப்பவே நிறுத்த முடியலையே மெம்பரே" என்றார் பிரசிடன்ட். கதவு திறந்தது. வடை வாசனை வந்தது.

செக்ரட்டறி மட்டும் சிரிக்கவில்லை. "தமாசு தீர்ந்தோ?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, மினிட்ஸில் 'ஐககண்டேன' என்று எழுதினார். ஏகமனதாக என்பதற்கு இங்கே அதுதான் சொல். நேர்ப்பொருள் எடுத்தால், ஒரே தொண்டையால். தொண்டை என்னுடையது.

பாலக்காட்டில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. கம்பெனிப் பெண் ஒருவர் எங்கிருந்தோ ஹெட்போன் வழியாகச் சொல்லச்சொல்ல நான் படித்தேன். "இன்று மாலை உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும்ங்க." கடைசியில் 'ங்க' சேர்த்தது நான்தான்; எங்கள் பக்கம் அது இல்லாமல் பேசினால் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எல்லாவற்றையும் அப்படியே சொல்லுங்கள் என்றார். தண்ணீர் முடிந்தது. பிறகு தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத வார்த்தைகள் வர ஆரம்பித்தன. கடைசி. கவனம். துண்டிப்பு. பதில் இல்லை. பிறகு வெறும் மூச்சு. பிறகு, "கொஞ்சம் வருத்தமா சொல்லுங்க சார். இப்ப அதையே கோபமா."

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"உங்க குரல் முழுசா வேணும் சார்."

முழுசா என்ற வார்த்தையில் எனக்குப் புல்லரித்தது. புகழ் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சில மாதங்கள் தேனாகப் போயின. "மெம்பரு கூப்ட்டுட்டாரு, குடத்தை எடு" என்று பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். குழந்தைகள் என்னைப் பார்த்ததும், "தண்ணி வரும்ங்க" என்று கத்தின. பிறகு வெயில் ஏறியது. ஒருநாள் டீக்கடைக்குள் நுழைந்தேன். நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது. பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு எழுந்து இடம் கொடுத்ததில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, என்னாச்சு?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "ஒண்ணுமில்லைங்க. வெளியே கழுவற தண்ணியக் குறைச்சுக்கிட்டனுங்க. நீங்க சொன்ன மாதரயே" என்றார்.

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை, என் தோட்டத்துக்கு மேற்கே மாடு வைத்திருக்கும் அக்கா வந்தார். கணவர் இல்லை. பால் சொசைட்டிக்கு ஊற்றித்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. கறவை மாடுகளும், முதல் ஈத்துக்குக் காத்திருக்கும் ஒரு சினை மாடும். கையில் காலி வாளி. வாசற்படி ஏறவில்லை.

"ஏனுங்க தம்பி, இத்தனை வருசம் பழகினதுக்கு ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமல்லங்க?"

"என்னங்கக்கா சொல்றீங்க?"

"குழாயை மூடறேன்னு. போன்ல சொல்றீங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டறது குத்தமுங்களா? அதுக வாயில்லாத சீவனுங்க, உங்களையாட்டமா?"

"அக்கா, அது நானில்லீங்க. கம்ப்யூட்டருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பொய் சொல்வதாவது சரியாகச் சொல்லக்கூடாதா என்கிற பார்வை. அப்போது அவர் கையிலிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கங்க. உங்க வீட்டுத் தண்ணீர் உபயோகம் அசாதாரணமா இருக்குதுங்க. இணைப்பு நிறுத்தப்பட்டிருக்குதுங்க. இது கடைசி அறிவிப்புங்க."

என் குரல். என் இழுப்பு. 'கடைசி'க்கு முன்னால் நான் விடும் அந்தச் சின்ன மூச்சுகூட இருந்தது. ஸ்டுடியோவில் வருத்தமாகச் சொன்னது. என் வாய் மூடியிருந்தது. அக்கா என் வாயையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு வாளியோடு போய்விட்டார்.

பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினேன். செக்ரட்டறி என்னை எதிர்பார்த்தவர் போல அமர்ந்திருந்தார்.

"ஆளை அனுப்பி வால்வைத் திறங்க சார்."

"திறக்கலாம். வார்டு முழுக்க நின்னுபோகும். ரெண்டாமத்த மாற்றம். நிங்கள்தானே படிச்சது?"

"கராரையே ரத்துப் பண்ணுங்க."

"கோர்ட்டுக்குப் போகணும். வடக்கே. ஒண்ணாமத்த மாற்றம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு ஒரு மெம்பராவது எதிர்ப்புக் குறிப்பு எழுதியிருந்தா ஒரு பிடி இருந்திருக்கும். நிங்கள் எல்லாரும் சிரிச்சல்லோ. சிரிச்சது மினிட்ஸில் வராது. ஐககண்டேன மட்டும்தான் வரும்."

வீட்டுக்கு வந்து கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போட்டேன். தமிழுக்கு ஒரு பட்டனை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன்.

"வணக்கங்க. சொல்லுங்க, நான் என்ன உதவி செய்யட்டுங்க?" என்றேன் நான்.

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. இது நடப்பது அபூர்வம் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பிறகு அக்காவின் மாடுகளைப் பற்றிச் சொன்னேன். சினை மாடு என்றேன். வெயில் என்றேன். எதிர்முனையில் நான் மிகப் பொறுமையாகக் கேட்டேன். "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுதுங்க" என்றேன். நிஜ வாழ்க்கையில் ஒருவரிடமும் நான் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை.

"டேய், அது என்ற சொந்தக் குரல்டா" என்று கத்திவிட்டேன்.

ஒரு சின்ன மூச்சு. அதுவும் என்னுடையதுதான்.

"உங்க குரல் எங்க சேவைக் குரலோட ஒத்துப்போகுதுங்க. எங்க குரலை வேறொருத்தர் பயன்படுத்தறது கரார்ப்படி தடை செய்யப்பட்டிருக்குதுங்க. இந்த அழைப்பு பதிவு செய்யப்பட்டிருக்குதுங்க."

லைன் அறுந்தது.

அடுத்த நாள் காலை என் மனைவி போனை என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். "உங்களுக்குத்தான். நீங்கதான் பேசறீங்க" என்றாள். எங்கள் வீட்டு உபயோகம் கவனிக்கப்படுவதாக எனக்கு நானே தெரிவித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவள் குழாயடியில் நின்று பேசுவதில்லை. எதற்கு என்று கேட்டால், "அது கேக்குமோ என்னமோ" என்கிறாள். குழாய்க்குக் காது கிடையாது என்று அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். நிச்சயமாகத் தெரியாததால் விட்டுவிட்டேன்.

என் தோட்டத்து போர்வெல் விக்கல் எடுக்கிற நிலையில் இருந்தது. வந்ததை டிரம்மில் பிடித்து வண்டியில் ஏற்றி அக்காவின் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றினேன். அது ஒரு மாட்டுக்குத்தான் போதும். கமிட்டி கூடிக் கம்பெனிக்கு எழுதியது, பதில் வரவில்லை. கறவை மாடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தபோது அக்கா பொள்ளாச்சி வியாபாரியை வரச்சொல்லிவிட்டார். சினை மாட்டை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

லாரி வந்த அன்று நானும் போயிருந்தேன். மாடுகள் பலகையில் ஏற மறுத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. வண்டி தார் ரோட்டில் ஏறி மறைந்த பிறகும் அக்கா கட்டுத்தறிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கொண்டுவந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என் தப்புதானுங்க அக்கா, அன்றைக்குக் கமிட்டியில் சிரிக்காமல் படித்துச் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்காதுங்க, அந்தக் குரலை எப்படியாவது நிறுத்தப் பார்க்கிறேனுங்க என்று சொன்னேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதை எதுக்குங்க தம்பி நிறுத்தறீங்க? மாடு வித்தாச்சான்னு காலைலகூடக் கூப்ட்டு நல்ல தன்மையாக் கேட்டுதுங்க. நீங்க இப்பத்தான வந்து ஒரு வார்த்தை பேசறீங்க."