அரை டேங்க் என்று சொன்ன முள்

எங்கள் பிக்கப் வண்டியை இரண்டாம் கையாகத்தான் வாங்கினோம். முதல் வருஷம் பேட்டரி சரியில்லை. அதனால் வீட்டுக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தில், மூக்கைக் கீழே வைத்துத்தான் நிறுத்துவோம். காலையில் பிரேக்கை விட்டு, வண்டி நாலடி உருண்டதும் கியரைப் போட்டால் இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்துவிடும். பிறகு புதுப் பேட்டரி போட்டோம். பழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் தெருவில் ஆறு வண்டிகள் இருக்கின்றன, எல்லாமே இன்றைக்கும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கின்றன.

இந்த இறக்கத்தைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், டீசல் முள்ளை நான் எப்போதும் அங்கே வைத்துத்தான் பார்ப்பேன். சாவியைத் திருப்புவேன். முள் ஏறும். அது காட்டுவதை நம்பிக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் மனைவி அப்படியில்லை. இது அவளைப் பற்றியதுதான். அவளிடம் நேரில் சொல்ல வாய் வராத சிலவற்றை எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன்.

வாங்கிய வருஷமே ஒருநாள் தக்காளி ஏற்றிக்கொண்டு தருமபுரி மார்க்கெட்டுக்குப் போனோம். அவளும் பக்கத்தில் இருந்தாள். கிளம்பும்போது முள் காலுக்குச் சற்றுக் கீழே காட்டியது. தருமபுரிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. டேங்க் காலி. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஒரு பாட்டில் ஊற்றிக்கொண்டு போய்விடலாம். டீசல் வண்டி தீர்ந்து நின்றால் குழாயில் காற்று ஏறிவிடும். அந்தக் காற்றை எடுக்காமல் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் கிளம்பாது. மெக்கானிக் ஐந்து லிட்டர் கேனோடு வந்து, நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி அழுத்தி நுரையெல்லாம் வெளியே வரும்வரை இருந்தார். ஒன்றரை மணி நேரம் போயிற்று. தக்காளி வெயிலில் கிடந்தது.

அந்தக் கோபத்தோடு பங்க்குக்குப் போய் ஃபுல் போடச் சொன்னேன். ஐம்பத்தாறு லிட்டர் ஏறியது. எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. வண்டியோடு வந்த புத்தகத்தில் டேங்க் ஐம்பத்தேழு லிட்டர் என்று போட்டிருக்கிறது. உள்ளே ஏற்கெனவே கேன் டீசல் ஐந்து இருக்கிறது. ஐம்பத்தேழு பிடிக்கிற டேங்க்கில் அறுபத்தொன்று எப்படிப் போகும்? மெஷினில் திருட்டு என்று கத்தினேன். கூட்டம் கூடியது.

அவள் இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

"ஏங்க, மொதல்ல அளந்து பாப்பங்க. அஞ்சு லிட்டர் அளவு கேன் வெச்சிருப்பாங்க, கேட்டா குடுப்பாங்க."

"உனக்கு என்ன தெரியும் வண்டியப் பத்தி? போய் வண்டில உக்காரு" என்றேன். அத்தனை பேர் முன்னால்.

அவள் போய் உட்காரவில்லை. பங்க் ஆளிடம் அவளே கேட்டாள். அவரும் முகம் சுளிக்காமல் முத்திரை குத்திய கேனைக் கொண்டுவந்து ஐந்து லிட்டர் பிடித்தார். டீசல் கோட்டில் வந்து நின்றது. ஒரு சொட்டு கூடவுமில்லை, குறையவுமில்லை. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. நான் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.  மன்னிப்பு கேட்கவில்லை.

அவள் அதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அறுபத்தொன்று எப்படிப் போயிற்று என்பதுதான் அவளை அரித்தது. அடுத்த தடவை பங்க்கில் நின்று கவனித்திருக்கிறாள். குழாய் தானாகக் 'கிளிக்' என்று நிற்கும் இடம் ஒன்று. அதற்குப் பிறகும், "ஃபுல்லா போடுங்க" என்று நான் அதட்டுவதால், கழுத்துவரை தளும்பத் தளும்ப ஊற்றுவது இன்னொன்று. கிளிக் வரைக்கும்தான் புத்தகத்துக் கணக்கு. அதற்கு மேல், சூட்டில் டீசல் விரிவதற்கென்று விட்ட காலி இடமும் கழுத்துக் குழாயும் சேர்ந்து இன்னும் நாலு லிட்டர் வாங்கும். யாரும் திருடவில்லை. அன்றிலிருந்து கிளிக்கோடு நிறுத்தச் சொன்னாள்.

பிறகு முள்ளைப் பிடித்துக்கொண்டாள். இந்த இடத்தில்தான் அவளுடைய மூளையை நினைத்து எனக்கு இன்றும் வியப்பு. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில் அவள் அம்மா கொடுத்த ஜெபமாலை தொங்கும். வண்டி சமதளத்தில் நின்றால் அதன் சிலுவைக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும். மூக்கு கீழே இருந்தால் சிலுவை போய்க் கண்ணாடியைத் தொடும். மேட்டில் ஏறினால் பின்னால் விலகும். நாலு விரல் இடைவெளி இருக்கும்போது மட்டும்தான் அவள் முள்ளைப் பார்ப்பாள். டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, வண்டி சாய்ந்தால் டீசலும் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை ஏமாறும், முள்ளும் ஏமாறும் என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். எங்கள் வண்டி மூக்கைக் கீழே வைத்தால் கால் பங்கு கூடுதலாகக் காட்டும். அதாவது நான் அத்தனை நாளும் வீட்டு இறக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தது பொய்.

மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டினாள். முள் ஒவ்வொரு கோட்டுக்கும் வரும்போது ஃபுல் போடுவாள். எத்தனை லிட்டர் ஏறியது என்று பார்த்து, ஐம்பத்தேழில் கழித்து, மீதியைப் பேனாவால் பிளாஸ்திரியில் எழுதுவாள். ஆறு மாதத்தில் எங்கள் வண்டிக்கு அவள் கையெழுத்தில் ஒரு தனி மீட்டர் வந்துவிட்டது. முள் காலி என்ற கோட்டைத் தொடும்போது உள்ளே ஏழு லிட்டர் இருக்கும் என்பது அதில் கடைசி வரி. அதற்குக் கீழே எழுத்து இல்லை. அங்கே வண்டியை அவள் விட்டதே இல்லை. ஃபுல் போட்ட ஒவ்வொரு தடவையும், ஓடிய தூரத்தைக் காட்டும் டிரிப் மீட்டரின் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குவாள். முள் ஒன்று சொல்ல, ஓடிய தூரம் இன்னொன்று சொன்னால், எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். இடையில் ஓட்டவும் கற்று லைசென்ஸும் எடுத்துவிட்டாள். என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள், இதையும் இங்கேதான் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டுச் சிவப்பு மாடு அவளுடையது. கன்றாக வாங்கிப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். போன ஐப்பசியில் அதற்குத் தலைச்சன் பிரசவம். விடியற்காலையில் வலி எடுத்தும் கன்று வரவில்லை. எங்கள் பக்கத்துக் கால்நடை டாக்டர் வந்து கைவிட்டுப் பார்த்தார். கர்ப்பப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றார். மாட்டைப் படுக்கவைத்துப் புரட்டிப் பார்த்தும் பிரியவில்லை.

"தருமபுரிக்குக் கொண்டு போயிடுங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள போனா ரெண்டு உசுரும் தப்பிக்கும்."

வண்டியைப் பின்னால் எடுத்து வரப்போடு அணைத்து, வைக்கோல் பரப்பி, நாலு பேர் சேர்ந்து மாட்டை ஏற்றினோம். என் தம்பி பின்னால் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் கதவைத் திறந்தேன்.

"சாவியக் குடுங்க. இன்னைக்கு நான் ஓட்டறேன்" என்றாள்.

கொடுத்தேன். எங்கள் ஊர் பென்னாகரத்துக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவே காட்டை ஒட்டி உள்ளே இருக்கிறது. மெயின் ரோட்டுச் சமதளத்துக்கு வந்ததும் சிலுவை நாலு விரலுக்கு வந்தது. அவள் முள்ளைப் பார்த்தாள். காலிக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. மஞ்சள் விளக்கும் எரிந்தது. டிரிப் மீட்டரைப் பார்த்தாள். நூற்றிருபது.

"ஃபுல் போட்டு நூத்தி இருவதுதான ஓடியிருக்கு? முக்காலுக்கு மேல இருக்கணுமே" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டுரோட்டில் ஒரு பங்க் உண்டு. டீசல் இல்லை என்று அட்டை தொங்கியது. அவள் அங்கேயே ஓரம்கட்டி இறங்கினாள். தரையில் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்தாள். டேங்க்கின் அடியைத் தடவி விரலை முகர்ந்தாள். பின்னால் மாடு முனகியது.

"ஒழுகலையே… எங்க போச்சுங்க அத்தனை டீசலு? மாதாவே, நான் என்ன பண்ணுவேன்?"

அவள் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"நான்தாம்மா டிரிப்பை அழுத்துனேன். முந்தாநாள் கேன்ல இருந்து பத்து லிட்டர் ஊத்துனேன். நீ பண்ற மாதிரியே பண்ணலாம்னு அழுத்திட்டேன். ஃபுல் இல்ல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஊத்துனப்புறம் முள்ளு எங்க நின்னுச்சு?"

"பாதி."

"வண்டி எங்க நின்னுச்சு?"

"வூட்டு முன்னால."

"சிலுவை கண்ணாடியத் தொட்டுட்டு இருந்துச்சா?"

கண்ணை மூடி யோசித்தேன். தொட்டுக்கொண்டுதான் இருந்தது. சாவியைத் திருப்பியபோது அது கண்ணாடியில் டிக்கென்று இடித்த சத்தம்கூட நினைவில் வந்தது. சொன்னேன்.

"அப்ப பாதி இல்ல, கால்தான். பிளாஸ்திரில பதினாலு லிட்டர்னு இருக்குது. ரெண்டு நாளா வெத்து வண்டிதான ஓட்டுனீங்க? எட்டு, எட்டரை குடிச்சிருக்கும். அஞ்சரை இருக்குது." உதடு அசைய இன்னொரு தடவை கணக்குப் போட்டாள். "தருமபுரி நாப்பது கிலோமீட்டர். பாரம் இருக்கறதால மூணரை ஆவும். ரெண்டு மிஞ்சும்."

"பென்னாகரத்துக்குள்ள போய்ப் போட்டுட்டே போயிடலாம்மா."

"இன்னைக்கு சந்தைங்க. உள்ள நுழைஞ்சா வெளிய வர அரைமணி நேரம் ஆவும். ஏற்கெனவே முக்காமணி போச்சு."

"வழியில நின்னுட்டா? காத்து ஏறிடுச்சுன்னா?" எனக்குக் குரல் ஏறியது.

"சும்மா இருங்க. நீங்க கத்துனா மாடு மெரளும்."

வண்டியில் ஏறி எடுத்துவிட்டாள். ஊருக்குள் போகாமல் ஏரிப்பக்கமாகச் சுற்றிப் போகிற சாலையைப் பிடித்தாள். அந்த நாற்பது கிலோமீட்டரை நான் மறக்கமாட்டேன். வேகத்தை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. மேடு வருவதற்கு முன்பே கொஞ்சம் வேகம் எடுத்துவைத்து, மிதிக்காமல் ஏறினாள். மேட்டில் ஒவ்வொரு தடவையும் சிலுவை பின்னால் விலகும்போது, அடியில் இருக்கும் கொஞ்சம் டீசலும் ஒதுங்கிக் குழாய் காற்றை உறிஞ்சுமோ என்று இன்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் தக்காளி வண்டி குலுங்கி நின்றது நினைவுக்கு வந்தது. அவள் முள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் எழுதிய கடைசி வரிக்குக் கீழே போய்விட்ட முள் அது. அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. அவள் தன் கணக்கை நம்பிப் போனாள். இன்னும் சரியாகச் சொன்னால், சிலுவை இடித்த சத்தத்தைப் பற்றி நான் சொன்னதை நம்பிப் போனாள். அன்று காலையில் நம்பத் தகுந்த ஆளாக நான் இருக்கவில்லை. ஆனாலும் நம்பினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டாக்டர்கள் காத்திருந்தார்கள். வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். கிடேரிக் கன்று. மூக்கை வழித்து, வைக்கோலால் தேய்த்துவிட்டதும் தும்மியது. கொஞ்சம் தாமதித்திருந்தால் கன்று இல்லை, மாட்டைப் பற்றியும் சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். அவள் மாட்டின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வண்டிக்குப் போனாள். என்னவோ ஏதோ என்று பின்னாலேயே போனேன். சிலுவை நாலு விரலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிளாஸ்திரியில் கடைசி வரிக்குக் கீழே 2 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

மாட்டையும் கன்றையும் தம்பியிடம் விட்டுவிட்டு, இரண்டு பேரும் பக்கத்திலிருந்த பங்க்குக்குப் போனோம். நான் கத்திய அதே பங்க்தான். அதே ஆள்.

"எவ்ளோ சார்?" என்றார் என்னிடம்.

"அவங்களக் கேளுங்க."

"கிளிக் வரைக்கும் போடுங்கண்ணா. அம்பத்தஞ்சு புடிக்கும்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே குழாயை மாட்டினார். எண்கள் ஓடின. ஐம்பதைத் தாண்டியபோது நான் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஐம்பத்து நாலு புள்ளி எட்டில் கிளிக்.

"அன்னைக்கு வண்டில போய் உக்காருன்னு நான் கத்துனது இவங்களத்தாங்க" என்றேன் அவரிடம். வேண்டுமென்றேதான் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஞாபகம் இருக்குதுங்க" என்றார் அவர்.

அவள் காதில் வாங்காதவள் மாதிரி வண்டிக்குள் ஏறிக் கேள்விக்குறியை அடித்தாள். நான் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவள் சாவியைத் திருப்பினாள். டிரிப் மீட்டரைக் காட்டினாள்.

"இப்பத்தாங்க ஃபுல்லு. நீங்களே அழுத்துங்க."

அழுத்தினேன்.