முனியாண்டிக்குக் கொடுத்த கலியாணக் கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கலியாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டாரைப் பத்துப் பத்துப் பேராக எண்ணி அனுப்பினார் ஒரு பொலிஸ்காரர். பந்திக்கு அல்ல... பாலத்துக்கு! அறுபத்திரண்டு வயதில் எத்தனையோ கலியாணம் பார்த்தாயிற்று. இப்படி வயிறு வலிக்கச் சிரித்த கலியாணம் வேறில்லை.

ஆனால் அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில், எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு பெரிய இரும்புப் பாலம். நாவலப்பிட்டிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன் — பெயரைப் போட்டால் நாளைக்கே யாராவது விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் அப்படிப்பட்ட கடிதங்களுக்கு எண் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா? பாலத்தின் இந்தக் கரையில் மெயின் ரோடு, கடைகள், என் வீடு. அந்தக் கரையில் மாரியம்மன் கோயில், கலியாண மண்டபம், இருநூறு முந்நூறு குடும்பங்கள்.

பாலம் தொடங்கும் இடத்தில் நாலு படி கீழே இறங்கினால் ஒரு முனியாண்டிக் கல். அதற்கு நேர் மேலே, நம் முகத்துக்கு எதிரே, பாலத்தைத் தாங்கும் பெரிய இரும்பு உத்திரம். வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலத்தில், அந்தப் பளபளப்பில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. சரியாக முனியாண்டியின் தலைக்கு மேலே. பெயின்ட் அடித்து மறைத்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடி வந்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடி!

"முனி குங்குமம் கேக்குறாரு" என்றார் யாரோ.

அவ்வளவுதான். சந்தனம் அப்பினோம். குங்குமம் வைத்தோம். ஆடி வெள்ளிக்கு மாலை போட்டோம். நானும் பூசினேன். பூசியதோடு விட்டேனா? இந்தப் பத்திரிகையில், இதே வாரப் பத்தியில், 'இரும்பிலும் கசியும் அருள்' என்று தலைப்புப் போட்டு எழுதினேன். உங்களில் சிலர் உருகிப்போய்க் கடிதம்கூட எழுதினீர்கள். அவர்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பாலத்தைப் பரிசோதிக்க வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாத்தயா, அதாவது அதிகாரி ஐயா, வருவார். சிங்களவர், நல்ல மனிதர். தேத்தண்ணீர்க் கடையில் ஒரு பிளேன்டீ குடிப்பார். பாலத்தில் ஒரு நடை போய் வருவார். படிவத்தில் சரி அடையாளம் போடுவார். பெயின்ட் — நன்று. ஆணி — நன்று. உத்திரம் — நன்று. முனியாண்டியிடம் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கையும் கூப்பிக் கும்பிடுவார். அடுத்தவர் சாமியைச் சுரண்டிப் பார்க்க யாருக்கு மனம் வரும்? எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

பெயின்ட் அடிக்கும் செல்வராஜும் அப்படித்தான். ஒரு கொந்தராத்துக்காரரிடம் நாட்சம்பளத்துக்கு, இருபது வருடமாகப் பாலங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். குங்குமம் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிவரப் பதமாக அடிப்பார்.

அந்தச் செல்வராஜின் மகள் கவிதாவுக்குத்தான் போன ஞாயிறு கலியாணம். மாப்பிள்ளை யாழ்ப்பாணம், கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. இரண்டு பேரும் விரும்பி, மாப்பிள்ளையின் அம்மா சம்மதித்து, மலையகத்துப் பெண்ணா என்று அவருடைய பெரியப்பா முகத்தைச் சுளித்து, ஒருவழியாக நாள் வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பஸ். நூறு பேர். "அவங்க ஒரு கொறையும் சொல்லிறக்கூடாது மிஸ்" — ஒரு மாதமாகச் செல்வராஜின் வாயில் இதுதான் மந்திரம்.

வியாழக்கிழமை காலை நான் சந்தைக்குப் போகிறேன். செல்வராஜும் மனைவி லெட்சுமியும் முனியாண்டிக்கு முன்னால் நிற்கிறார்கள். லெட்சுமி கணவனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கலியாணக் கார்டு கொடுத்தாயிற்று. முதல் கார்டு வைக்க வேண்டிய முனியாண்டியை மறந்தாயிற்று! கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதா சாமிக்கு அழைப்பு?

நானும் படி இறங்கினேன். லெட்சுமி கார்டைக் கல்லின் மேல் வைத்தார். காற்று தூக்கியது. மறுபடி வைத்தார். மறுபடி தூக்கியது. பிறகு, உத்திரத்தில் சந்தனம் அப்பியிருந்த இடத்தில் கார்டின் முனையை வைத்து அழுத்தினார். முனை உள்ளே போயிற்று. கார்டு விழாமல் நின்றது.

"சாமி கார்ட வாங்கிக்கிட்டாரு!" என்று லெட்சுமி குலவையிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனதுக்குள் அடுத்த வாரப் பத்திகூடத் தயார்...

செல்வராஜ் மட்டும் கும்பிடவில்லை.

"இரும்பு எங்கயாச்சும் கார்டு வாங்குமா மிஸ்?"

கார்டை மெதுவாக உருவினார். முனையில் துரு. தோளில் கிடந்த துண்டால் சந்தனத்தைத் துடைத்தார். "மன்னிச்சிரு சாமி, மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தபடியே நாலு வருடக் குங்குமத்தையும் சுரண்டி எடுத்தார். கீழேயிருந்து மேல் நோக்கி, ஒரு சாண் நீளத்துக்கு, இரும்பில் வெடிப்பு.

கார்டை மறுபடி அதற்குள் செருகினார். அப்போது மேலே ஒரு லொறி போனது. கார்டு அசைந்தது. லொறி கடந்து போனதும் அசைவு நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"வெறும் துருன்னா பரவலா பொரிஞ்சு வரும் மிஸ். இது ஒரே கோடா வந்துச்சு. வண்டி போறப்ப எல்லாம் வெடிப்போட ரெண்டு பக்கமும் ஒரசுது. அந்தத் தூள்தான் மழையில செவப்பா வடியுது. வேற பாலமா இருந்தா மொத வருசமே சொல்லியிருப்பேன். இங்க... சாமின்னு விட்டுட்டேன்."

படியில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம்.

சொன்னால் பாலத்தை மூடுவார்கள். சுற்றிப் போகும் மற்ற ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது. யாழ்ப்பாணத்து பஸ் இரண்டும் அந்தக் கரைக்குப் போகாது. அது மட்டுமா? 'இருபது வருடம் பெயின்ட் அடித்தவனுக்கு இது தெரியவில்லையா' என்ற முதல் கேள்வியே செல்வராஜிடம்தான் வரும். நாட்சம்பளக்காரரை வேலையிலிருந்து நிறுத்த ஒரு வாய்ச்சொல் போதும்.

"திங்கக்கெழம சொல்லலாங்க" என்றார் லெட்சுமி, மெல்ல. "நாலு வருசம் நின்ன பாலம். மூணு நாளு நிக்காதா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — நான் தலையாட்டினேன். கவிதாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. யாழ்ப்பாணத்துப் பெரியப்பாவின் முகமும் வந்தது. மூன்றே மூன்று நாள்தானே?

செல்வராஜ் கையிலிருந்த கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலியாணம் கொறையில்லாம நடக்கணும்னா, அந்த நூறு பேரையும் நான் இது மேலதான் ஏத்திக் கொண்டாரணும். தெரிஞ்சுக்கிட்டே. இல்லையா மிஸ்?"

எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"போன் போடுங்க மிஸ். பேசுறத நான் பேசுறேன்."

கச்சேரி அனுபவம் வேறு எதற்கு உதவாவிட்டாலும், எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்பதற்கு உதவும். ஒன்றரை மணி நேரத்தில் மாத்தயா வந்துவிட்டார். கூடவே ஓர் இளம் பொறியியலாளர், பெண். இந்தத் தடவை பிளேன்டீ இல்லை. மாத்தயா வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"நான் நாலு தரம் கும்பிட்டேன் மிஸ்" என்றார், தமக்குத் தெரிந்த தமிழில். "ஒரு தரமும் தொட்டுப் பார்க்க இல்ல."

அவரைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் பத்தியே எழுதியவள்!

பொறியியலாளர் செல்வராஜிடம் நாங்கள் பயந்த கேள்வியைக் கேட்கவில்லை. வேறு கேள்வி கேட்டார். எந்தெந்தப் பாலத்தில், எந்த இடத்தில், பெயின்ட் நிற்காமல் இப்படிக் கோடு வருகிறது? செல்வராஜ் சொல்லச் சொல்ல, நின்றபடியே கொப்பியில் எழுதிக்கொண்டார். இருபது வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லையாம்.

அன்று பின்னேரமே பாலம் மூடப்பட்டது. அடியில் முட்டுக்கொடுக்கும் வரை மோட்டார் சைக்கிள்கூடப் போகக்கூடாது. ஆட்கள் மட்டும், மற்றப் பக்க நடைபாதையால், ஒரு நேரத்தில் பத்துப் பேர்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு போன். மாப்பிள்ளையின் அம்மா பரமேஸ்வரிக்கு. ஓய்வுபெற்ற தாதி, அளந்து பேசுபவர். செல்வராஜ் பேச, போனை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் போட்டு.

"சம்பந்தியம்மா... பாலத்துல வெடிப்புங்க. மூடிட்டாங்க. பஸ்ஸு மெயின் ரோட்டுலயே நின்னுரும். நீங்க எல்லாரும் நடந்துதான்..."

"ஆர் கண்டது வெடிப்பை?"

"நாந்தாங்க. நாந்தான் சொன்னேன்."

லெட்சுமி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம். அப்ப நடந்து வாறம்" என்றார் அந்த அம்மா. "கால் கிடக்குத்தானே."

பிறகு வந்தது ஞாயிறு. அடடா, என்ன ஞாயிறு!

காலையிலேயே இரண்டு பஸ்ஸும் மெயின் ரோட்டில் வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் மடவளை ஊர் நசீர் நானாவின் லொறி. மண்டபத்துக்கு வாடகைக் கதிரை கொண்டுவந்தவர். இருநூறு கதிரை இந்தக் கரையில். மண்டபம் அந்தக் கரையில். நானா லொறியின் மேல் ஏறி நின்றார்.

"கதிரைக்குக் கால் ஈக்கிது, நடக்கத்தான் தெரியாது! ஆளுக்கொண்டு தூக்குங்க. தூக்காட்டி நிண்டுதான் கலியாணம் பாக்க வேணும்!"

தூக்கினார்களே! பட்டுச் சேலை கட்டிய யாழ்ப்பாணத்துப் பெண்களின் தலையில் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை. வேட்டிக்காரர்களின் தோளில் கதிரை. மாப்பிள்ளையும் ஒன்றைத் தூக்கினார்; தலைப்பாகை இடித்தது. "நீங்க விடுங்க தம்பி" என்று நாலு பேர் பாய்ந்து பிடுங்கினார்கள். என் பங்குக்கு நானும் ஒன்றைத் தூக்கினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

பாலத்தின் வாயில் பொலிஸ்காரர். "எக்காய், தெக்காய், துனாய்..." என்று சிங்களத்தில் எண்ணுகிறார். பத்தானதும் கை குறுக்கே விழும். முதல் பத்தில் நாதஸ்வரக்காரர் போய்விட்டார். தவில்காரர் பதினோராவது ஆள்! அந்தக் கரையில் நாதஸ்வரம் வாசிக்க, இந்தக் கரையிலிருந்து தவில் பதில் சொல்ல, நடுவில் ஆறு... தாளம் சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கும் கைதட்டல்!

நடுப்பாலத்தில் மாப்பிள்ளையின் மச்சான்மார் இரண்டு பேர் கதிரையோடு ஆட்டம் போடத் தொடங்கினார்கள். "நட்டன்ன எப்பா! நட்டன்ன எப்பா!" — ஆட வேண்டாம், ஆட வேண்டாம் என்று கத்திக்கொண்டு ஓடினார் பொலிஸ்காரர். அவர் ஓடிய ஓட்டம் அவர்கள் ஆட்டத்தைவிட நன்றாக இருந்தது.

பாலத்துக்குக் கீழே மாத்தயா. விடிந்ததிலிருந்து அங்கேதான். வெடிப்பின் நுனியில் வெள்ளைக் கோடு கீறி வைத்திருந்தார். ஒவ்வொரு பத்துப் பேரும் கடந்ததும் டோர்ச் அடித்து, வெடிப்பு கோட்டைத் தாண்டவில்லை என்று பார்த்து, கட்டைவிரலை உயர்த்துவார். அதைக் கண்ட பிறகுதான் மேலே அடுத்த பத்து. நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"மாத்தயா, ரெண்டு பஸ்ஸும் ஒண்ணா ஏறியிருந்தா?" என்று கேட்டேன்.

அவர் டோர்ச்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. கும்பிடும் இடத்தைக் கூர்ந்து பார்க்க நமக்கு ஏன் இத்தனை தயக்கம்? பார்த்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அதிகாரியின் கையெழுத்து, டொக்டரின் சீட்டு, பெரியவர்களின் வாக்கு — எல்லாவற்றிலும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கிறது. முனியாண்டி அந்தக் கோட்டைப் போட்டு நாலு வருடமாகக் காட்டிக்கொண்டேதான் இருந்தார், நமக்குத்தான் புத்தி வரவில்லை என்று லெட்சுமி இப்போது சொல்கிறார். அதையும் மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, கடைசிப் பத்தில் பரமேஸ்வரி அம்மா மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார். தன் ஆட்கள் அத்தனை பேரும் கடக்கும் வரை அவர் மெயின் ரோட்டுப் பக்கத்தை விட்டு நகரவில்லை. செல்வராஜ் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் கை கூப்பி, "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்கு அது போதவில்லை.

"எங்கட சனத்தைக் கதிரை தூக்க வைச்சிட்டீங்கள்" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "ஒரு மூண்டு நாள் பொறுத்துச் சொல்லியிருந்தா ஆருக்குத் தெரியும்?"

செல்வராஜ் தலையைக் குனிந்துகொண்டார். மணவறையில் கவிதாவின் கண் அப்பாவையே பார்த்தது.

பரமேஸ்வரி அம்மா தாலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"அதுதான் அத்தான். ஆருக்கும் தெரியாதெண்டாலும் மூண்டு நாள் பொறுக்கேலாத மனுசன். அந்த வீட்டிலதான் என்ர பிள்ளை பொம்பிளை எடுக்கிறான். எனக்கு வேறென்ன வேணும்?"

மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கும்போது அழத் தயாராக இருந்த செல்வராஜ், முன்கூட்டியே அழுதுவிட்டார். லெட்சுமி அழுதார். நான் அழுதேன். தவில்காரர் கெட்டிமேளத்தை இரண்டு நிமிடம் முந்தியே தொடங்கிவிட்டார், ஐயர் தடுக்கவில்லை.

பெரியப்பா உட்காரக் கதிரை தேடினார். பாவம், வந்தவர்களில் அவர் ஒருவர்தான் ஒன்றும் தூக்கி வரவில்லை!