விழுங்கிவிட்டு 'ஆ' சொல்லுங்கள்

ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, கையில் ஒரு ஸ்பூனும் டார்ச்சும் மட்டும்; இதை வைத்துக்கொண்டு "நானும் வைத்தியம்தான் பார்க்கிறேன்" என்று ஊரை நம்பவைப்பதுதான், பேசவும் விழுங்கவும் பழக்கும் பேச்சுப் பயிற்சியாளரின் முதல் வேலை. தன் உத்தியோகம் என்னவென்று சொந்தச் சித்தப்பாவுக்கே புரியவைக்க முடியாதவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு விளங்கும். தொண்ணூற்றொன்றில் படப்பையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

ஒரு ஸ்பூன் தண்ணீர்

தேவராஜ் சேரப்பணஞ்சேரிக்காரர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். ஷிஃப்டில் நின்றுகொண்டிருந்தபோதே பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். பேச்சு குழறியது, விழுங்க வரவில்லை. சாப்பாட்டுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டிருந்தார்கள்.

உட்காரவைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி இறங்க வேண்டும். அவருக்கு அரைகுறையாகத்தான் ஏறியது. "ஆ சொல்லுங்க" என்றேன். கொழகொழவென்று வந்தது. தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாய் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

"இப்போதைக்கு வாய்வழியா எதுவும் குடுக்காதீங்க" என்று அவர் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். எனக்கு இருபத்து நாலு வயது; ஆள் இன்னும் சின்னவளாகத் தெரிவேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு ஸ்பூன் தண்ணிய குட்த்துட்டு சோறே போடாதன்றியேம்மா, மெய்யாலுமே நீ டாக்டரா?"

டீயில் நனைத்த பன்

மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் ஸ்டெல்லா பன்னை டீயில் நனைத்து ஊட்டிவிட்டார். மறுநாள் தேவராஜுக்குக் காய்ச்சல் கொதித்தது. டீ நுரையீரலுக்குள் இறங்கி, நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பிழைப்பாரா என்றே இரண்டு நாள் தெரியவில்லை. எனக்கு ஸ்டெல்லா மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் அதிகம். கூடாது என்று சொன்னேனே தவிர, ஏன் கூடாது என்று சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கியதும், குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் பெரிய டாக்டர். ஆயுசுக்கும் குழாய்தான். "இருமல் பலமா இருக்கு சார், தப்பி உள்ள போனாலும் வெளிய தள்ளிடுவார், இன்னும் ரெண்டு வாரம் குடுங்க" என்று அவர் மேஜை முன்னால் நின்றேன். நகரவில்லை. கடைசியில் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு வாரம்மா. அதுக்குள்ள அவர் சாப்பிடலைன்னா, உங்களை எதுக்கு வேலைக்கு வச்சேன்னு என்னைக் கேப்பாங்க."

ஒரகடம் டிக்கெட்

அதே சமயம் என்னிடம் வந்துகொண்டிருந்தவன் பாஸ்கர். ஐ.டி.ஐ. முடித்தவன், கடுமையாகத் திக்குவான். 'ப' வரவே வராது. ஆனால் அவன் ஊர் படப்பை. தாம்பரத்திலிருந்து திரும்பும்போது தினமும் படப்பையைத் தாண்டி இருக்கும் ஒரகடத்துக்கு டிக்கெட் வாங்கி, படப்பையிலேயே இறங்கிக்கொள்வானாம்.

ஒரு சாயங்காலம் நானும் அவனோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் வந்தார். "ப... ப... ப..." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவனுக்குப் பதில் நானே சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் நிறுத்தினான், மூச்சு விட்டான், மறுபடி ஆரம்பித்தான். "ப... படப்பை."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்: "படப்பைல எறங்கறதுக்கா தெனம் ஒரகடம் டிக்கெட் வாங்கிகினு இருந்தே? நான் இன்னா, காத்துகினு இருக்க மாட்டனா?"

கஞ்சியின் பெயர்

தேவராஜுக்குத் தண்ணீர்தான் ஆபத்து. கெட்டியான கஞ்சி மெதுவாக இறங்கும். விழுங்க அவகாசம் கிடைக்கும். அதற்கு ஆஸ்பத்திரிச் சமையல்காரர் மணியிடம் போனேன். முதல் நாள் கஞ்சி ஓடியது, திருப்பினேன். மறுநாள் கட்டி தட்டியது, அதையும் திருப்பினேன். மூன்றாம் நாள் ஸ்பூனைச் சாய்த்தாலும் அசையாமல் நின்றது. "இதுதான் அண்ணே!" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இதுக்குப் பேரு கஞ்சி இல்ல மேடம், போஸ்டர் ஒட்ற பசை."

ஸ்டெல்லாவின் விரல்

இந்தத் தடவை ஸ்டெல்லாவிடம் வெறும் உத்தரவு போட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. அவர் விரலைப் பிடித்து அவர் புருஷன் தொண்டையில் வைத்தேன். ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்புறம் குரல் தெளிவா, கொழகொழப்பா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தேவராஜ் முகவாயை நெஞ்சோடு அணைத்து, வியர்க்க வியர்க்க விழுங்கப் பழகினார். பன்னிரண்டாம் நாள் அரைக் கிண்ணம் கஞ்சி. 'ஆ' மணிபோல வந்தது. மறுநாள் குழாயை எடுத்தார்கள். ஸ்டெல்லா அழவில்லை, கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டார்.

மறுமாதம் புருஷனைக் காட்ட வந்தவர், வார்டில் வேறொரு பெண் என்னிடம் சண்டை போடுவதைக் கேட்டார். அவள் புருஷன் மூக்கிலும் குழாய். ஸ்டெல்லா என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், அவள் கையைப் பிடித்தார். "இந்தம்மா சொன்னா கோவம்தான் வரும், எனக்கும் வந்துச்சு. நான் ஒரு பன்னுல என் வூட்டுக்காரர சாவடிக்கப் பாத்தேன். நீ வெரல இங்க வை."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவளைவிட நோயாளியின் பெண்டாட்டி பேசினால்தான் வார்டில் எடுபடும் என்பது, நான் படித்த எந்த வருஷத்துப் பாடத்திலும் இல்லை.