ஏழாம் மாதத்து வளையல்

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் வளைகாப்பு. என் தங்கை மகள் சுகன்யாவுக்கு. குறித்த தேதியில் அது நடந்ததே பெரும்பாடு!

ஐந்தாம் மாத ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: கருப்பை வாய் நீளம் குறைவு, குறைமாதப் பிரசவமாகும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஒரு மருந்து கொடுத்தார். உதவலாம், உதவாமலும் போகலாம் என்றார். பங்சாரில் இருக்கும் அவள் ஆபீஸுக்குப் போய் வரத் தடை சொல்லவில்லை.

மாப்பிள்ளை இதைத் தன் அம்மாவிடம் சொன்னார். அம்மா குடும்ப குரூப்பில் போட்டார். அவ்வளவுதான்... கிள்ளான் முதல் செராஸ் வரை எல்லாரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். படி ஏறாதே. ரயிலில் போகாதே. அன்னாசி இருக்கும் பக்கமே தலை வைக்காதே.

அடுத்து மாமியாருக்கு ஒரு யோசனை. வளைகாப்பை இப்போதே, ஐந்தாம் மாதத்திலேயே வைத்துவிட்டால் என்ன? ஏழு வரை தாங்குமோ, தாங்காதோ... பாவம், அவருக்கும் பயம்தான். சுகன்யா முடியாது என்றுவிட்டாள். அவள் மனதை மாற்றத் தூது போனது — நான்.

கிள்ளானில் அவள் வீட்டு அடுப்படியில் நின்று நான் சொன்னதையெல்லாம் தோசை சுட்டபடியே கேட்டாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"ஏழாம் மாசமும் பிள்ளை உள்ளதான் இருக்கும்னு நம்பித்தான், பெரியம்மா, மண்டபம் புக் பண்ணேன். தேதிய மாத்தினா நானே நம்பலைன்னு ஆயிடும் லா."

கல்லில் இருந்த தோசையைத் தட்டில் எடுத்து வைத்தபடி, "சீக்கிரம் பொறந்துட்டா எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க. இப்பவே பதில் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

ஆபத்து முன்கூட்டியே தெரிவது நல்லதுதான். அதனால்தானே மருந்து கிடைத்தது? ஆனால் அந்தச் செய்தி யாருக்குச் சொந்தம்... அவளுக்கா, குரூப்புக்கா? ஊருக்குச் சொல்லலாமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லையே.

போன தூது தோற்றது. தேதி மாறவில்லை.

ஞாயிறன்று இரண்டு கையிலும் வளையல் குலுங்க உட்கார்ந்திருந்தாள். முதல் வளையலைப் போட்ட மாமியார் கண் கலங்கினார். பந்தியில் உட்கார்ந்ததும், தான் படி ஏற விடாததால்தான் இதுவரை வந்தது என்றார். மாப்பிள்ளை, மருந்து என்றார். என் தங்கை, பத்துமலை வேண்டுதல் என்றாள்.

பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. அதற்குள் பெருமையை ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டாயிற்று. பழி என்று ஒன்று வந்தால் மட்டும்... அது மொத்தமும் சுகன்யாவுக்கு!