ஓவன் வெட்டிய மூன்று சொற்கள்

எங்கள் சாமர்வில் ஊரில் ஓவன் டாகெட்டைப் போல வாதாடுகிற ஆள் கிடையாது. அவர் எழுதும் கணினி நிரல்களை இலவச மென்பொருள் என்று சொல்லிவிட்டால் போச்சு. "இலவசம் இல்லைய்யா, சுதந்திரம்" என்று அரை நாள் பிடித்துக்கொள்வார். பக்கவாதத்தில் பேச்சிழந்த பக்கத்து வீட்டுக்காரருக்காக அவர் ஒரு பேச்சு நிரல் எழுதினார். திரையில் தெரியும் எழுத்துப் பலகையில் எழுத்தெழுத்தாகத் தேர்ந்தெடுத்தால் கணினி சேர்த்துப் பேசும். அடுத்த எழுத்துக்குத் தாமதமானால், சொல்ல வந்தது முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, சேர்ந்தவரையில் பேசிவிட்டு அதைத் துடைத்துவிடும். அந்தத் தாமதம் நிரலில் ஒரே ஒரு எண். பக்கத்திலேயே, ‘உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று குறிப்பு வேறு எழுதியிருந்தார்.

நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம்; எழுதிய வரிகளான மூலநிரலை மட்டும் வாங்குகிறவருக்குத் தந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் அதோடு வைத்த உரிமம். பிறகு அந்த உரிமத்துக்குப் புதிய பதிப்பு ஒன்று வந்தது. இப்படிப்பட்ட நிரலைக் கருவிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறவர்கள், திருத்திய நிரலும் அதில் ஓடும்படி, பெட்டியின் பூட்டைத் திறக்கும் சாவியான ரகசிய எண்ணையும் தர வேண்டும் என்றது. ஓவனுக்கு அது பிடிக்கவே இல்லை.

"நிரல்தான் என்னுது. பெட்டி செய்யறவன் பூட்டு போட்டா எனக்கென்ன?" என்று நிரல் எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்.

"அந்தப் பூட்டு உன் வீட்டுக்கு வரும்போது தெரியும்" என்று எழுதினார் அவருடைய பழைய சிநேகிதர் மில்ட் ஷாப்பிரோ.

விடுவாரா ஓவன்? புதிய பதிப்பு தம் நிரலைத் தொடாதபடி, தம் உரிம வரியிலிருந்த ‘அல்லது பிந்தைய பதிப்பு’ என்ற மூன்று சொற்களை வெட்டி எறிந்தார். மில்ட்டோடு பேச்சும் நின்றது. இதற்கெல்லாமா மனிதர்கள் முறித்துக்கொள்வார்கள்? இந்த நிரல் எழுதும் கூட்டத்தில் முறித்துக்கொள்வார்கள்.

ஓவனின் மனைவி லொரெய்ன் நகரப் பேருந்து ஓட்டியவள். வாய் ஓயாது. அவளுக்கு நரம்பு நோய் வந்து, கை போய், குரலும் போனபோது, காப்பீட்டில் ஒரு பெட்டி கிடைத்தது. கண்ணால் எழுத்தைப் பார்த்தால் அது பேசும். அதன் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஓவன் தம் பெயரைக் கண்டார்.

"பாரு லொரெய்ன், உள்ளே இருக்கறது நான்தான்."

"அங்கயாவது வாயை மூடிக்கிட்டு இரு" என்றது பெட்டி, அவள் கண் சொன்னபடி. அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஓவன் சிரித்தார்.

குளிர்காலம் வந்தபோது அவள் கண்ணும் தளர்ந்தது. ஒரு வாக்கியம் சேர்வதற்குள் பெட்டி முந்திக்கொண்டு பேசித் துடைத்தது. இது என்ன பெரிய வேலை, அந்த எண்ணைக் கூட்டினால் தீர்ந்தது என்று ஓவன் உட்கார்ந்தார். கூட்டினார். பெட்டி அதை ஏற்கவில்லை. ‘அனுமதி இல்லாத மென்பொருள்’ என்று திரையில் காட்டியது. வேறு கணினியில் ஓட்டலாம் என்றால், கண்ணைக் கவனிக்கும் கேமராவும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் பூட்டிக் கிடந்தது.

பெட்டி செய்த நிறுவனத்துக்குப் பேசினார். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"மூலநிரலை அனுப்பிட்டோமே சார். உங்க உரிமம் கேட்டது அவ்வளவுதானே."

"எழுதினவனே நான்தாம்மா."

"இருக்கலாம் சார். ஆனா சாவி வெளியே போகாது. நோயாளிங்க பாதுகாப்புக்குத்தான். உங்க கோரிக்கையைப் பதிஞ்சு வச்சுக்கறேன்."

வெட்கத்தை விட்டு மில்ட்டுக்கும் பேசினார். உரிமத்தை இப்போது மாற்றினால் ஆகாதா என்று கேட்டார். மில்ட் குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பழைய உரிமத்துல குடுத்தது குடுத்ததுதான் ஓவன்" என்றார் மெதுவாக. "லொரெய்ன் எப்படி இருக்கா?"

எழுத்துகளை வாயால் சொல்லி, அவள் கண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும் முயன்றார் ஓவன். கண் அசைவது அவருக்குப் பிடிபடவில்லை. தப்புத் தப்பாகத்தான் சேர்ந்தது. மிஞ்சியது பலகையில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு பெரிய கட்டங்கள். அவற்றுக்கு ஒரு பார்வை போதும்.

ஒரு மத்தியானம் பெட்டி, "ஓவன், நான்" என்று சொல்லித் துடைத்தது. மறுபடியும் "ஓவன், நான்." மறுபடியும் அதே.

"வலிக்குதா?"

"இல்லை."

"திருப்பிப் படுக்க வைக்கவா?"

"இல்லை."

"பயமா இருக்கா? உன் தங்கச்சியைக் கூப்பிடவா? என் மேல கோபமா?"

எல்லாவற்றுக்கும் இல்லைதான். அன்று முழுக்கக் கேட்டார். மறுநாளும் கேட்டார். தெரிந்த கேள்வியெல்லாம் தீர்ந்து, குரல் கம்மி, கடைசியில் கேட்டார்.

"நான் கேக்கறதை நிறுத்தணுமா?"

"ஆம்."

ஓவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஏப்ரலில் லொரெய்னை அடக்கம் செய்தோம். அவள் சொல்ல வந்தது என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.