பாதிச் சாலையில் நழுவிய கை

"கதை விடாதே" என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். வீட்டிலேயே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இது என் கைக்கு நடந்தது. கண்ணால் நான் எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் வேலை செய்கிறேன். பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்க வைப்பது என் பாடு. எத்தனையோ வருடங்களாக விறைத்த கைகளைப் பிடித்து நீவிவிட்டதில், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் வாசலுக்கு நேரே ஒரு சிக்னல். நடப்பவர்களுக்குப் பச்சை பன்னிரண்டு விநாடி. நல்ல கால் உள்ளவருக்கு அது போதும். என் நோயாளிகளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். மாதக்கணக்கில் நடை பழக்கி, இனி தனியாக நடப்பார் என்று வீட்டுக்கு அனுப்புவேன். அவரோ வாசலைத் தாண்டியதுமே நடுச்சாலையில் மாட்டிக்கொண்டு, ஹாரன் சத்தத்தில் வெலவெலத்து நிற்பார். பார்க்கிற எனக்கு வயிறு எரியும்.

கொசுவால் சாகிறவர்களைக் கணக்கெடுக்கிற சுகாதாரத் துறை, சாலை கடக்கப் போய்ச் சாகிறவர்களையும் கணக்கெடுக்க ஆரம்பித்த வருடம் அது. பச்சையை நீட்டலாமா என்று பார்த்துச் சொல்ல என்னையும், போக்குவரத்துப் பிரிவு இன்ஜினியர் ஒருவரையும் அனுப்பினார்கள். மாலை ஆறு மணி. லேசான தூறல். எதிர்ப்பக்கம் நின்று அவர் செல்போனில் வீடியோ எடுப்பார். நோயாளிகளின் நடையோடு ஒப்பிட, நான் என் வழக்கமான நடையில் கடக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பச்சை விழுந்தது. இறங்கினேன்.

நாலைந்து அடி வைத்திருப்பேன். பின்னால் ஒரு சத்தம்.

டக்... சர்ர்... டக்... சர்ர்...

ஒரு கால் ஊன்ற, மறு கால் தரையில் இழுபடுகிற சத்தம். தினமும் நான் கேட்பதுதான். நம் நோயாளி யாரோ என்று திரும்பினேன்.

யாரும் இல்லை.

என் வலது உள்ளங்கைக்குள் ஒரு கை வந்தது.

ஜில்லென்று இருந்தது. பெண்ணின் கை. இடது கை. விரல்கள் மடங்கி, கட்டைவிரல் உள்ளே சுருண்டு, விறைத்த கை.

கத்தியிருக்க வேண்டும். பழக்க தோஷம், என் கை தானாக அதைத் தாங்கிக்கொண்டது.

பாதிச் சாலையில் சிவப்பு விழுந்தது. அந்தக் கை என்னை இறுக்கியது...

நழுவிவிட்டது.

வண்டிகளுக்கு நடுவே ஓடி ஏறினேன். இன்ஜினியர் சிரித்தார்.

"யார்கிட்ட மேடம் பேசிட்டு வந்தீங்க?"

படத்தைக் காட்டினார். நான் மட்டும்தான் இருந்தேன். வலது முழங்கை மடங்கியிருந்தது. பக்கத்தில் யாரோ வருவதுபோல் தலையைச் சாய்த்து, உதடு அசைய, ஆமை மாதிரி ஊர்ந்து வந்தேன். 'மெதுவா வாங்க' என்று நோயாளிகளிடம் சொல்வேனே, அதைத்தான் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கொஞ்சமும் நினைவில்லை.

அங்கே ஓரத்தில் சாவி போடுகிற கடை ஒன்று உண்டு. கடைக்காரப் பெரியவர் எழுந்து வந்தார்.

"எந்தக் கையிலம்மா பிடிச்சா?"

வலது கையைக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிடித்தது அவருடைய மனைவி என்றார். நான் இங்கே மாற்றலாகி வருவதற்கு முன்னால் எங்களிடம் நடைப் பயிற்சிக்கு வந்தவராம். ஒரு மாலை இருவரும் வீடு திரும்பும்போது பாதியில் சிவப்பு விழுந்திருக்கிறது. வண்டிகளை மறிக்க, அவள் கையை விட்டுவிட்டு இவர் முன்னால் ஓடியிருக்கிறார். அவள் வந்து சேரவில்லை.

"கால் இன்னும் இழுக்குதாம்மா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இழுக்குதுங்க ஐயா."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வீடு வரை அழுதேன்.

இரண்டு மாதத்தில் பச்சை இருபத்தைந்து விநாடி ஆனது. முதல் நாள் மாலை நான் இறங்கினேன். டக்... சர்ர்... கை வந்தது. பாதியைத் தாண்டினோம். பச்சை அணையவில்லை. எதிர் ஓரத்தில் பெரியவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். என் கையில் இருந்த கனம் இறங்கியது. அவருடைய விரல்கள் மெல்ல மூடின.

"இனிமே நானே கூட்டிட்டு வரேன். நீங்க சிரமப்படாதீங்கம்மா."

சொன்னபடியே செய்தார். தினமும் ஆறு மணிக்கு எங்கள் வாசலுக்கு வருவார். திரும்பி மெதுவாக, மிக மெதுவாகக் கடந்து போவார். மற்றவர்கள் அவரை மறை கழன்றவர் என்றார்கள். ஜன்னலிலிருந்து பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் லீவில் போனேன். திரும்பி வந்த அன்று மாலை ஆறு மணிக்கு அதே சாலையில் இறங்கினேன்.

டக்... சர்ர்...

கூடவே இன்னொரு செருப்புச் சத்தம்.

வலது உள்ளங்கைக்குள் ஒரு கை. இடது கை.

அவளுடையது இல்லை.

பெரிய கை. கட்டைவிரலும் சேர்த்துப் பிடிக்கிற, பலமான கை. விரல்களில் அரம் கிழித்த தழும்புகள். இரும்புத் தூள் வாசனை...

பாதியில் சிவப்பு விழுந்தது.

இவ்வளவு சீக்கிரமாகவா?

நழுவியது.

சாவிக் கடை பூட்டியிருந்தது. பூட்டில் தூசி. இன்ஜினியருக்குப் போன் செய்தேன்.

"வண்டி தேங்குதுன்னு ஏகப்பட்ட புகார் மேடம். பழையபடி பன்னெண்டு ஆக்கிட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன்." "அந்தப் பெரியவர்... உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

பச்சையைக் குறைத்த மறுநாள் மாலையாம். சிக்னல் கேமராப் படத்தை இன்ஜினியர் பார்த்திருக்கிறார்.

பெரியவருக்குக் காலில் ஒரு குறையும் கிடையாது. பன்னிரண்டு விநாடியில் தாராளமாகக் கடந்திருப்பார். சிவப்பு விழுந்த பிறகும் அவர் ஓடவில்லை. வலது முழங்கையை மடக்கி, தலையைச் சாய்த்து, பக்கத்தில் யாரிடமோ பேசிக்கொண்டே மெதுவாக வந்திருக்கிறார். வண்டி நெருங்கியபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

இந்த முறை அவர் கையை விடவில்லை.